அரிது வேறு, ஆபத்து வேறு: ஒரு செடியின் நிலையை எப்படி எடைபோடுகிறார்கள்?

2018-இல் மூணாறு, கொடைக்கானல் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது பலருக்கு நினைவிருக்கும். மலைச்சரிவு முழுக்க ஊதாவும் நீலமுமாக, எண்ணி மாளாத அளவுக்குச் செடிகள். ஆறு ஆண்டு கழித்து, 2024-இல், ஐ.யூ.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அதே செடி 'அழியும் வாய்ப்புள்ளது' என்ற வகையில் ஏறியது. மலை மலையாகப் பூக்கிற செடிக்கு என்ன ஆபத்து வந்துவிட்டது என்று கேட்கத் தோன்றும். இன்னொரு பக்கம், யாரும் ஏற முடியாத ஈரப் பாறை முகத்தில் மட்டும் வளரும் ஒரு காட்டுக் காசித்தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அந்த ஒரு மலையில்தான் இருக்கிறது. மொத்தம் சில ஆயிரம் செடிகள். ஆனால் ஆடு மேயாது, தேயிலை போட முடியாது, ரோடு வராது. நூறாண்டுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கக்கூடும்.

இரண்டில் எது அரிது? காசித்தும்பை. எது ஆபத்தில் இருக்கிறது? குறிஞ்சி. எதற்கு முதலில் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்? இது மூன்றாவது கேள்வி. முதல் இரண்டுக்கும் விடை தெரிந்தாலும் இதற்கு விடை தெரிந்துவிடாது. நம் செய்திகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 'அரிய வகை மூலிகை' என்று ஒரு தலைப்பு வந்தால் போதும், அது அழியப் போகிறது, உடனே காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

குறிஞ்சிக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். சிவப்புப் பட்டியலுக்கு ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து அளவுகோல்கள் உண்டு. ஐந்தில் ஏதாவது ஒன்றில் சிக்கினாலே ஓர் இனம் ஆபத்துப் பட்டியலுக்குள் வந்துவிடும். முதல் அளவுகோல் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, குறைந்த வேகத்தைப் பார்க்கிறது. கடந்த 10 ஆண்டில், அல்லது அந்த உயிரினத்தின் மூன்று தலைமுறைக் காலத்தில், இரண்டில் எது நீளமோ அதில், எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே கேள்வி. 30 விழுக்காடு குறைந்திருந்தால் 'அழியும் வாய்ப்புள்ளது', 50 என்றால் 'அருகி வருவது', 80 என்றால் 'மிகவும் அருகியது'. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். பூத்து விதை உதிர்த்ததும் செடி மடிந்துவிடும். ஆக ஒரு தலைமுறை 12 ஆண்டு, மூன்று தலைமுறை 36 ஆண்டு. அதாவது 1980-களின் பிற்பகுதியிலிருந்து இன்று வரைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளுக்கு என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. தேயிலை, யூகலிப்டஸ், பைன், நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் கறுப்பு வாட்டில், அப்புறம் விடுதிகள். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வின்படி, பழனி மலையின் உயர்புல்வெளி நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது. செடியை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை; அது வாழும் இடம் சுருங்கியதை வைத்தே அதுவும் குறைந்திருக்கும் என்று ஊகிக்க விதிகள் இடம் தருகின்றன. மிச்சமிருக்கும் சரிவில் லட்சக்கணக்கில் பூத்தாலும் கணக்கு மாறாது.

ஆண்டுதோறும் எங்கோ ஒரு மலையில் 'நீலக்குறிஞ்சி பூத்தது' என்று படம் சுற்றும். மலைக்கு மலை பூக்கும் ஆண்டு மாறும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வரும் படங்களில் பல, குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தச் சொந்தக்காரர்கள் பல டஜன் உண்டு. சில ஆண்டுதோறும் பூப்பவை, சில ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை. எந்த இனம் என்பதிலேயே தப்பு செய்தால் அதற்குமேல் போடும் கணக்கெல்லாம் வீண்.

சரி, அரிது என்றால் என்ன? இதை முதலில் ஒழுங்காகப் பிரித்துக் காட்டியவர் டெபோரா ராபினோவிட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1981-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் இந்தத் துறையின் பாலபாடம். ஒரு செடியைப் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள் என்றார். அது பரந்த நிலப்பரப்பில் இருக்கிறதா, சின்ன இடத்தில் மட்டுமா? பலவகை வாழிடங்களில் வளருமா, ஒரே வகையில் மட்டுமா? இருக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கிறதா, எங்கோ ஒன்றிரண்டாகவா? மூன்றுக்கும் இரண்டிரண்டு விடை. சேர்த்தால் எட்டு வகை. பரந்த இடம், பலவகை வாழிடம், பெருங்கூட்டம் என்று மூன்றும் சேர்ந்து அமைந்தவை மட்டுமே சாதாரணச் செடிகள். மற்ற ஏழும் ஏதோ ஒரு விதத்தில் அரியவை.

இதை நம் பக்கத்துச் செடிகளில் பொருத்திப் பார்த்தால் நன்றாகப் புரியும். திருப்பதி, கடப்பா மலைகளுக்கு வெளியே காண முடியாத, பனைபோலத் தோன்றும் சைக்கஸ் பெடோமி முதல் வகை அரிது: பரவல் சின்னது. அதன் ஆண் கூம்புகளை மருந்துக்காக வெட்டி எடுப்பதால் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. கேரளத்தின் நன்னீர்ச் சதுப்புகளில் வளரும் சைசீஜியம் டிராவன்கோரிகம் என்ற நாவல் சாதி மரத்தின் சிக்கல் வேறு. அதற்கு அந்தச் சேற்று நிலம் வேண்டும், வேறெதிலும் தங்காது. சதுப்பைத் தூர்த்து நெல் போட்டார்கள், அப்புறம் நெல்லுக்குப் பதில் வேறு பயிர். மரம் கோயில் காடுகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் ஒடுங்கிவிட்டது. மூன்றாவது வகை இருக்கிறதே, அதுதான் எல்லாரையும் ஏமாற்றுவது. மரமஞ்சளைப் பாருங்கள். தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று வரைபடத்தில் அகலமாகப் பரவிக் கிடக்கிறது. காட்டுக்குள் போனால் ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் நடுவே நெடுந்தூரம். வரைபடத்தைப் பார்ப்பவர் கவலைப்பட மாட்டார். காட்டில் நடப்பவருக்குத்தான் தெரியும்.

மதிப்பீடு எங்கே தொடங்குகிறது? காட்டில் அல்ல, பெரும்பாலும் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தில். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. லட்சக்கணக்கான உலர்ந்த மாதிரிகள். அட்டை போன்ற தடித்த தாளில் ஒரு கிளை, நூலால் தைத்தோ பசையால் ஒட்டியோ வைத்திருப்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்து தோய்த்தது என்பதால் பழைய தாள்களைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு. இன்னார் சேகரித்தது, இந்த நாள், இந்த ஊர். பிரச்சினையே அந்தச் சீட்டில்தான். நூறாண்டுக்கு முந்தைய சீட்டில் மலையின் பெயரும் 'ஏழாயிரம் அடி' என்பதும்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது, ஜில்லாப் பெயர் மட்டும். சேகரித்த வெள்ளைக்காரர் குதிரையில் போன வழி எது, எந்தப் பங்களாவில் தங்கினார் என்றெல்லாம் துப்பறிந்துதான் இன்றைய வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க முடியும்.

புள்ளிகள் கிடைத்ததும் இரண்டு பரப்புகளைக் கணக்கிடுகிறார்கள். எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கி ஒரு வேலி போட்டால் அதற்குள் வரும் மொத்தப் பரப்பு ஒன்று. அதைப் பரவல் எல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, நிலத்தை இரண்டு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, செடி உண்மையில் இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணுவது. இது இருப்புப் பரப்பு. ஒரு கட்டம் நான்கு சதுர கிலோமீட்டர். மூன்று இடத்தில் மட்டும் பார்த்த செடிக்கு இருப்புப் பரப்பு அதிகம் போனால் 12 சதுர கிலோமீட்டர். செடி உட்கார்ந்திருப்பது ஒரு வீட்டு மனையளவு இடமாக இருந்தாலும் கணக்கில் ஒரு முழுக் கட்டம் ஏறிவிடும். எல்லா நாட்டிலும் ஒரே அளவில் ஒப்பிடுவதற்காக வைத்த விதி இது.

பி என்ற இரண்டாவது அளவுகோலின்படி, பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே போனால் 'அழியும் வாய்ப்புள்ளது' என்பதற்கான வாசல் திறக்கும்; 5,000-க்குக் கீழே 'அருகி வருவது'; 100-க்குக் கீழே 'மிகவும் அருகியது'. இருப்புப் பரப்புக்கு அதே வரிசையில் 2,000, 500, 10. செய்தி எழுதுபவர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பரப்பு சின்னது என்பதால் மட்டும் யாரும் பட்டியலில் ஏறிவிட முடியாது. துண்டு துண்டாகச் சிதறியிருப்பது அல்லது விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் இருப்பது, தொடர்ந்து குறைந்துகொண்டே வருவது, எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு நிரூபணமாக வேண்டும். பாறை முகத்துக் காசித்தும்பை இங்கேதான் தப்பித்துக்கொள்கிறது. இடம் சின்னதுதான், ஆனால் எதுவும் குறையவில்லையே. எண்ணிக்கை 1,000-க்கும் கீழே, அல்லது ஏதாவது ஒரு நிகழ்வு ஒரே நாளில் எல்லாவற்றையும் காலி செய்யக்கூடும் என்ற நிலை இருந்தால் மட்டும் கடைசிக்கு முந்தைய அளவுகோலில் 'அழியும் வாய்ப்புள்ளது' என்று சேர்ப்பார்கள்.

'இடம்' என்பதை இந்த விதிகள் எண்ணும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வரைபடத்தில் எத்தனை புள்ளி என்று பார்ப்பதில்லை. ஒரே ஆபத்து எவ்வளவு தூரம் ஒருசேரத் தாக்கும் என்று பார்க்கிறார்கள். ஐந்து ஓடைகளில் ஒரு செடி இருக்கிறது, ஐந்தும் ஒரே அணையின் நீர்ப்பிடிப்பில் மூழ்கும் என்றால் அது ஐந்து இடமாகாது, ஒன்றுதான். ஆபத்து எது என்று சொல்லாமல் இடத்தை எண்ணவே முடியாதபடி விதி செய்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு இடத்தில் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புள்ளிகளை நம்புவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சேகரிப்பவர்கள் ரோட்டோரமாகப் போகிறார்கள். அழகான ஆர்க்கிட் என்றால் எடுப்பார்கள். புல், கோரை என்றால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் 'யாரும் பார்க்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் வெவ்வேறு. கர்நாடகத்தின் ஜோக் அருவியோரம் 1919-இல் எடுத்த ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்ற மெல்லிய புல், அதன்பின் அங்கே அகப்படவே இல்லை. அணை வந்து அருவியின் ஓட்டமும் மாறிவிட்டது, புல் அழிந்தே போனது என்று முடிவு கட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் அது மகாராஷ்டிரத்தின் தில்லாரி மலைப்பகுதியில் ஈரப் பாறைகளில் வளர்ந்துகொண்டிருப்பது தெரியவந்தது.

இலங்கையில் நடந்தது இதைவிடச் சூடான கதை. குருடியா சைலானிகா என்பது அந்தத் தீவுக்கே உரிய அவரைக் குடும்பத்து மரம். அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அந்த மரம் 2019-இல் கம்பகா மாவட்டத்தில் அகப்பட்டது. அது நின்ற இடமோ புதிய அதிவேக நெடுஞ்சாலை வரவிருந்த பாதை. 2021 தொடக்கத்தில் அதை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஒரு மரத்துக்காக நெடுஞ்சாலையை வளைப்பதா என்று ஒரு பக்கம், உலகிலேயே தெரிந்த ஒரே மரம் என்று மறுபக்கம். மதிப்பீட்டின் பார்வையில் இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டார்கள் என்பேன்: வேறெங்கும் தேடிப் பார்த்தாயிற்றா? இதே மரம் அக்கம்பக்கத்து ஆற்றோரங்களில் இருக்கிறதா என்று ஆள்விட்டுத் தேடுவதற்கு ஆகும் செலவு, நெடுஞ்சாலையின் ஒரு நாள் செலவில் தூசு. 'அற்றுப்போனது' என்று எழுதுவதற்கு, தக்க இடத்தில் தக்க பருவத்தில் முழுமையாகத் தேடியும் கிடைக்கவில்லை என்பதை விதிகள் கேட்கின்றன. அந்தத் தேடுதலுக்குத்தான் யாரும் காசு தருவதில்லை.

வணிகத்தில் இருக்கும் செடிகளில் வேறொரு சிக்கல். மரமஞ்சளுக்குத் திரும்புவோம். அதன் தண்டும் வேரும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான பெர்பெரின் என்ற மருந்துப்பொருள்தான் அதற்கு எமன். இலங்கையில் காய்ச்சல், சளி என்றால் மல்லியோடு சேர்த்து அவிக்கும் வழக்கம் உண்டு; இங்கே மருந்துக் கடைகளுக்குப் போகிறது. மெதுவாக வளரும் காட்டுக் கொடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரு மலைச்சரிவில் பெண் கொடியை எல்லாம் வெட்டிவிட்டால், மிச்சமிருக்கும் ஆண் கொடிகள் செழிப்பாக நின்றாலும் அந்தச் சரிவில் மரமஞ்சளின் கதை முடிந்தது. வெட்டுபவருக்கு ஆணா பெண்ணா என்பது ஒரு பொருட்டில்லை. தண்டு தடிமனாக இருந்தால் போதும். கொடிகளை எண்ணிக்கொண்டு வருபவரும் இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு நன்றாகத்தான் தெரியும்.

இதுபோன்ற செடிகளுக்கு ஹெர்பேரியத் தாள் பெரிதாக உதவாது. எத்தனை மூட்டை காட்டிலிருந்து இறங்குகிறது என்பது தாவரவியலாளருக்குத் தெரியாது, சேகரிப்பவருக்கும் வியாபாரிக்கும்தான் தெரியும். பெங்களூரைச் சேர்ந்த எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற அமைப்பு 1990-களின் நடுவிலிருந்து தென்னிந்திய மூலிகைகளுக்காக மதிப்பீட்டுப் பட்டறைகளை நடத்தியது. வனத்துறையினர், தாவரவியலாளர்கள், வைத்தியர்கள், மூலிகை விவரம் தெரிந்தவர்கள் என எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு படிவம். எங்கே பார்த்தீர்கள், முன்பு எவ்வளவு கிடைத்தது, இப்போது எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது? 'முன்னெல்லாம் காலையில் போனால் மத்தியானம் திரும்பிவிடுவோம், இப்போ ராத்தங்கல் ஆகிறது' என்கிற மாதிரிப் பேச்சையும் அங்கே தரவாகக் கொள்ளலாம். ஒரே விளைச்சலுக்குக் கூடுதல் உழைப்பு என்றால் இருப்பு குறைந்திருக்கிறது. மரமஞ்சள் அந்தப் பட்டறைகளில்தான் 'மிகவும் அருகியது' என்று கணிக்கப்பட்டது. எண் துல்லியமாக இல்லையே என்று இதை ஒதுக்கும் விஞ்ஞானிகள் உண்டு. துல்லியமான எண் வரும்வரை காத்திருந்தால் எண்ணுவதற்குச் செடி மிஞ்சாது என்பது என் கட்சி.

செங்காந்தள் இதற்கு நேர் எதிர்த் திசையில் குழப்பும். தமிழ்நாட்டின் மாநில மலர். உலகப் பட்டியலில் 'கவலை குறைந்தது'. அது தப்பில்லை, ஆப்பிரிக்கா தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை வளர்கிற கொடிக்கு உலக அளவில் அப்படித்தான் போட முடியும். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று ஏக்கர் கணக்கில் பயிரும் செய்கிறார்கள். விதையில் இருக்கும் கால்ச்சிசினுக்கு மருந்துக் கம்பெனிகளிடம் நல்ல விலை. ஆனால் அந்த வயல்களுக்கு முதலில் நட்ட கிழங்கு எங்கிருந்து வந்தது? வேலியோரத்திலும் கடலோரக் காட்டிலும் தோண்டியதுதான். வயலில் நிற்பதைச் சிவப்புப் பட்டியல் கணக்கில் சேர்க்காது. காட்டில் தானாக முளைத்து நிற்பதுதான் எண்ணிக்கை. ஆக உலக அளவில் கவலையில்லை, தமிழ்நாட்டு வேலிகளில் கவலை உண்டு. ஒரே செடி, இரண்டு பதில், இரண்டும் சரி. இதற்காகவே வட்டார மதிப்பீட்டுக்கென்று தனி வழிகாட்டுதல்களை ஐ.யூ.சி.என். வைத்திருக்கிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து விதை வந்து மறுபடி முளைக்க வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்து வகையை ஒரு படி இறக்கவோ ஏற்றவோ செய்யலாம்.

வகைகள் கல்வெட்டும் அல்ல. செம்மரம் 1990-களில் 'அருகி வருவது' என்று இருந்தது, 2018-இல் 'ஆபத்தை நெருங்கியது' என்று இறங்கியது, 2021-இல் மறுபடி 'அருகி வருவது' ஆனது. நடுவில் மரம் பெருகிவிட்டு மறுபடி வெட்டப்பட்டது என்று அர்த்தமில்லை. கையிலிருந்த தரவும் அதைப் படித்த விதமும் மாறின. ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போய்ச் சேஷாசலம் காட்டில் உயிரைவிட்ட ஆட்களுக்கு இந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி மூன்றாவது கேள்வி. வகை தெரிந்துவிட்டது, எதில் முதலில் கைவைப்பது? 'மிகவும் அருகியது' மேலே, மற்றவை கீழே என்று வரிசை போட்டு மேலிருந்து பணம் கொடுத்தால் என்ன ஆகும்? பாறைமுகச் செடிகளில், ஐம்பதுக்கும் குறைவாக இருப்பதாலேயே அந்த வகைக்குப் போன ஒன்று மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குச் செய்வதற்கு அனேகமாக ஒன்றுமில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வரலாம், அது இருக்கும் இடத்தை வெளியே சொல்லாமல் இருக்கலாம். இரண்டாவது மிக முக்கியம். அரிய ஆர்க்கிட் இருக்கும் இடத்தைப் பெருமையாக வெளியிட்டு, ஒரு மாதத்தில் அது வேரோடு காணாமல் போவது உலகமெங்கும் நடந்திருக்கிறது.

வகைக்கு அப்பால் பார்க்க வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது பொறுப்பை. உலகில் இருக்கும் மொத்தத்தில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 7,400 பூக்கும் தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அந்த மலைத்தொடருக்கு வெளியே எங்கும் கிடையாது. அவற்றை நாம் தவறவிட்டால் வேறு யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள். அடுத்தது, தலையிட்டால் பலன் இருக்குமா, எவ்வளவு நாளில், என்ன செலவில். குறிஞ்சிக்குச் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிகிறது: சீகையையும் பைனையும் பிடுங்கிப் புல்வெளியை மீட்பது. அதில் குறிஞ்சி மட்டுமல்ல, அதே புல்வெளியை நம்பிய வேறு பல செடிகளும், வரையாடும் பிழைக்கும். 2022-இல் தமிழக அரசு அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்தால் செடிகளுக்குக் கிடைக்கக்கூடிய லாபம் இதுதான். மறுபுறம், கேரள அரசு 2006-இல் வட்டவடைப் பக்கம் சுமார் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தது. உள்ளே யாருடைய பட்டா, யாருடைய யூகலிப்டஸ் என்ற எல்லைத் தகராறு நீண்டுகொண்டே போயிற்று. அறிவியல் மதிப்பெண்ணில் முதலிடம் பிடித்த இடம் நடைமுறையில் பல ஆண்டு பின்தங்கிப் போகலாம்.

நல்ல மனசோடு செய்யும் கெடுதலும் இங்கே உண்டு. 'நாட்டு மரம் நடுகிறோம்' என்று புல்வெளியில் கொண்டுபோய்ச் சோலை மரக்கன்று நடுவது குறிஞ்சிக்கு இன்னொரு யூகலிப்டஸ்தான். நிழல் விழுந்தால் அதற்கு முடிந்தது.

சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் நிலைமை இன்னும் விசித்திரம். புதுச்சேரி, கடலூர், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் காடுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் அவை. வீரை, காயா, உலக்கைப்பாலை என்று அதில் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாக மதிப்பிட்டால் பல தேறிவிடும். இலங்கையின் வறண்ட காடுகளிலும் அவை உண்டு. ஆனால் அந்த மரங்களெல்லாம் சேர்ந்து நிற்கும் அந்தக் காடு இந்தியக் கரையில் அருகிப்போன ஒன்று. இனம் இனமாகப் பார்க்கும் பட்டியல் இதைப் பிடிக்காது. சூழல் தொகுதிகளுக்கென்றே ஐ.யூ.சி.என். தனிச் சிவப்புப் பட்டியல் ஒன்றை உருவாக்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

விதையை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதை, காயவைத்தால் செத்துப்போகும். அவற்றை வங்கியில் போட முடியாது. மரமாகவே வளர்த்துத்தான் காக்க முடியும். அதற்கு நிலமும் பல ஆண்டுப் பராமரிப்பும் வேண்டும். இப்படிப்பட்ட இனம் ஒன்றும் புல் இனம் ஒன்றும் ஒரே வகையில் இருந்தால், அவசரம் முன்னதற்கே.

சட்டமோ இந்தக் கணக்குகளுக்கு வெகு தூரம் பின்னால் நடக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளுக்கென்று ஓர் அட்டவணை 1991 திருத்தத்தில்தான் வந்தது. அதில் இருந்தவை ஆறே ஆறு பதிவுகள், சைக்கஸ் பெடோமி அவற்றில் ஒன்று. 2002-இன் பல்லுயிர்ச் சட்டம், மாநிலவாரியாக அழியும் நிலையிலுள்ள இனங்களை அறிவிக்க வழி செய்தது. 2025-இல் தமிழ்நாடு அருகிவரும் இனங்களுக்கென்று ஒரு நிதியம் அறிவித்தபோது முதலில் எடுத்துக்கொண்டவை சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலி, ஒரு மீன். எல்லாம் தகுதியானவைதான்; நாலில் ஒன்றுகூடச் செடி இல்லை என்பது உறுத்துகிறது.

2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த ஐ.யூ.சி.என். மாநாட்டில் இந்தியா 2030-க்குள் முடிக்கும் ஒரு தேசியச் சிவப்புப் பட்டியல் திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 11,000 இனங்கள், அதில் பெரும்பகுதி தாவரங்கள். ஐந்தாண்டில் இவ்வளவையும் முடிக்க வேண்டுமானால் பெரும்பாலான செடிகளுக்குத் தாளும் வரைபடமும்தான் ஆதாரமாக இருக்கும், காட்டுக்குப் போக நேரமிருக்காது. அது ஒன்றும் கேவலமில்லை. 'தரவு போதாதது' என்று நேர்மையாக எழுதும்வரை. அப்படி எழுதினால் 'ஆபத்தில்லை' என்று வாசித்துவிடும் பழக்கம் அதிகாரிகளிடம் இருக்கிறதே, அதுதான் பயம். மதிப்பீடு பத்தாண்டு தாண்டினால் பழையது என்பது ஐ.யூ.சி.என். விதி. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்கள் பலவற்றுக்கு 1998-இல் போட்ட மதிப்பீடுதான் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் அகர வரிசையில் தொடங்க வேண்டாம். வாழிடம் எங்கே வேகமாக மாறியதோ அங்கிருந்து, அதாவது உயர்புல்வெளி, நன்னீர்ச் சதுப்பு, கடற்கரைக் காடு ஆகியவற்றின் செடிகளிலிருந்து தொடங்கட்டும். பாறைமுகக் காசித்தும்பைகள் கடைசியில் வரட்டும்.